பதினாலு என்று சொன்னது யார்

“கையை எடுங்கக்கா!”

“என்னடி, தொட்டா தேய்ஞ்சா போயிடும்?”

“தேயாது. ஆனா எடுங்க. என் பையை நானே எடுத்து வெச்சுக்குவேன்.”

“கீழ விழுந்து கிடந்துச்சேன்னு எடுத்துக் குடுத்தேன். நல்லதுக்குக் காலமில்லை.”

“விழவே இல்லை. நாற்காலி மேல இருந்துச்சு. இப்ப ஜிப்பு பாதி திறந்திருக்கு. காத்து வந்து திறந்துச்சா?”

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் ஆட்கள் இருபது பேரும் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாத்திரை, அதாவது என் எதிர்வீட்டுக்காரி, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கைப்பிள்ளையைக்கூட அப்படி யாரும் அணைத்து நான் பார்த்ததில்லை.

“என்னத்த ஒளிச்சு வெச்சிருக்க?” என்று கேட்டேன். அன்பாகத்தான் கேட்டேன்.

“நேரம் வந்தா நானே சொல்றேன்கா,” என்று சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போனாள்.

இதைப் பெரிய சண்டை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அதிகாரியம்மா. வெளிநாடு போனால் ஐந்தாம் நாள் காலையில் எல்லாரும் யாரோடாவது சண்டை போடுவார்கள். முதலில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, அப்புறம் படுக்கை ஒத்துக்கொள்ளாது, கடைசியில் கூட வந்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இத்தனை மாதம் கழித்து, போன வாரம் நீங்கள் விசாரணைக்கு எங்கள் குடியிருப்புக்கு வந்து, சங்க அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “பஸ்ல அவங்க நம்பரைச் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?” விழுந்தது என்றேன். எழுதிக்கொண்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு கட்டிடத்தில் ஆளாளுக்கு ஒரு விதமாகக் கதை கட்டுகிறார்கள். மூன்றாம் மாடிக்காரி, மாத்திரை வேண்டுமென்றேதான் போனாள் என்கிறாள். முதல் மாடிக்காரி, அவளுக்குத் தலைசுற்றல் இருந்தது என்கிறாள். ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. தப்பாகச் சொல்லும் கதையைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

மாத்திரை என்பது நான் வைத்த பெயர். மருந்துக்கடை வைத்திருந்தாள். நாலாம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு அவளுடையது. இடையில் ஆறு தப்படி. பதினெட்டு வருஷம் அந்த ஆறு தப்படிக்கு இந்தப் பக்கம் நான் காவல் இருந்திருக்கிறேன். எந்தக் கிழமை துணி துவைப்பாள், அண்ணன்காரன் வந்தால் எந்த விஷயத்துக்குக் கத்துவான், எந்த மாதம் எடை கூடினாள், எல்லாம் எனக்குத் தெரியும். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அவர் போன அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டு அழுதவளும் நான்தான். எவ்வளவு நேரம் அழுதாள் என்று மற்றவர்களுக்குச் சொன்னவளும் நான்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எங்கள் லிஃப்டுக்கு ஒரு விநோத வியாதி வந்தது. மற்ற மாடிகளில் ஒழுங்காக நிற்கும். நாலாம் மாடியில் மட்டும் கதவு சிக்கும். மெக்கானிக் வருவார். லிஃப்டைப் பார்க்கப் பத்து நிமிஷம், மாத்திரை வீட்டில் காபி குடிக்க நாற்பது நிமிஷம். அவளைவிட நாலு வயது சின்னவர், கல்யாணம் ஆகாதவர், நகத்தில் எப்போதும் கிரீஸ். கட்டிடத்துக்கு இந்தச் செய்தியைச் சொன்னது நான்தான். ஆறு மாடிக்கும் படி ஏறிப் போய்ச் சொன்னேன், லிஃப்ட் வேலை செய்யாததால்.

அதன்பிறகு மாத்திரை வாயைப் பூட்டிக்கொண்டாள். சிரிப்பாள், தயங்காமல் தலைவலி மாத்திரை தருவாள், ஆனால் ஒரு சொல் உதிராது. எட்டு மாதம். ஒரு மனுஷி எதிர்வீட்டில் எட்டு மாதம் மர்மமாக இருந்தால் அது எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குச் சரியாகத் தூக்கம் கிடையாது. மருத்துவரிடம்கூடப் போனேன். ரத்தக் கொதிப்பு என்றார். காரணம் எதிர்வீடு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த நிலையில்தான் சுற்றுலா. சங்கம் ஏற்பாடு செய்தது. “இயற்கையோடும் மக்களோடும் எட்டு நாள்” என்று அழகான தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் இளைஞர்கள் மலை உச்சியில் கையை விரித்து நிற்கிற படம். போனது முட்டி தேய்ந்த இருபத்திரண்டு பேர். முதல் நாள் அருவி. இரண்டாம் நாள் சைக்கிள், மூன்று பேர் விழுந்தார்கள், ஒருவர் வேலிக்குள். மூன்றாம் நாள் பழைய வேளாண் கருவிகளின் கூடம். வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த மனுஷனின் மகன், அதே மண்வெட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, “அடடா, என்ன நேர்த்தி” என்றார். நாலாம் நாள் நெசவாளர் வீடு. அங்கே எல்லாரும் கம்பளியைத் தடவினோம், யாரும் வாங்கவில்லை.

இனி எண் விஷயம். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

வழிகாட்டி அந்த நாட்டுப் பெண். கையில் மஞ்சள் கொடி. முதல் நாள் பஸ்ஸில் தலையை எண்ணினாள். பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினாள், இருபத்து நாலு. நம் ஆட்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தால்தானே? ஒருத்தர் முறுக்குப் பொட்டலத்தோடு பின்னால் போவார், யார் முறுக்கு கொண்டுவந்தது என்று பார்க்க இன்னொருத்தர் முன்னால் வருவார். பொறுத்துப் பார்த்த எங்கள் சங்கச் செயலாளர் எழுந்தார். பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இப்போதும் விசில் தொங்கும். விசில் என்றே கூப்பிடுவோம், அவருக்குப் பின்னால். வீட்டு எண் வரிசைப்படி ஆளுக்கொரு எண் கொடுத்தார். அவர் விசில் ஊதினால் நாங்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அவர் குனிந்து தாளில் குறி போடுவார். முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்துவார். வழிகாட்டிக்கு நம் மொழி தெரியாது, கட்டைவிரல் தெரியும். பஸ் கிளம்பும்.

மாத்திரை பதினாலு. நான் பதினைந்து. எங்கள் வீட்டுக்காரர் பதினாறு.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து தூங்கும் புருஷனுக்கு மனைவி சொன்னாள். ஒன்பதாம் எண் கழிப்பறையில் இருந்தால் பத்தாம் எண் “ஒம்பது, பத்து” என்று சேர்த்தே சொல்லிவிடும். இதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வராத சிநேகிதனுக்காக “உள்ளேன் ஐயா” சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒருத்தருக்காக ஒருத்தர் குரல் கொடுத்தால் அதற்கு உதவி என்றுதான் பெயர். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கு மூக்கடைத்த குரல். ஜலதோஷம் பிடித்த புறா மாதிரி. அந்தக் குரலில் பேசிக் காட்ட எனக்கு நன்றாக வரும். படிக்கட்டில் நின்று பேசிக் காட்டினால் மாடி மாடியாகச் சிரிப்பார்கள். ஒருதடவை அவளே கதவைத் திறந்து, “யாருக்கா அது, என்னை மாதிரியே பேசறது?” என்று கேட்டாள்.

அந்த ஐந்தாம் நாள், சண்டை நடந்த நாள், கடலோரம் போனோம். கரையிலிருந்து எட்டத்தில் ஒரு திட்டு. தண்ணீர் வற்றும்போது நடுவில் மணல் வழி ஒன்று தெரியும். வழியைக் காட்ட வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். எங்கள் முட்டிக்கு அரை மணி நடந்தால் திட்டில் ஆயிரக்கணக்கான பறவைகள். வழிகாட்டி சொன்னதை விசில் எங்களுக்குக் கத்திச் சொன்னார். “ரெண்டரைக்குத் திரும்ப நடக்கணும். மூணேகாலுக்கு பஸ் எடுத்துடுவாங்க. மூணரைக்குத் தண்ணி ஏறும். அப்புறம் ராத்திரி பத்து மணிக்குத்தான் வழி தெரியும். யாராவது மாட்டிக்கிட்டா அங்கேயே குடிசையில உக்காருங்க, கரையில மீட்புப் படகு இருக்கு. புரிஞ்சுதா?” புரிந்தது என்றோம். எனக்கு நன்றாகவே புரிந்தது.

ரப்பர் பூட்ஸும் இரண்டு ஊன்றுகோலும் கொடுத்தார்கள். இரண்டு கையிலும் கோல் இருந்தால் பையை எங்கே பிடிப்பது? மாத்திரை பையை இருக்கைக்கு மேலே தட்டில் வைத்து, அதன் மேல் சால்வையைப் போட்டு மூடினாள். ஃபோனையும் நனையும் என்று அதற்குள்ளேயே போட்டாள். இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

திட்டில் பறவைகள் இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை, நாற்றம் தவிர. முட்டி வலி என்று நானும் எங்கள் வீட்டுக்காரரும் முன்னதாகவே திரும்பிவிட்டோம். இரண்டே முக்காலுக்கு மழை பிடித்தது. மற்றவர்கள் தலையை மூடிக்கொண்டு, குனிந்துகொண்டு, யார் யாரென்று பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறினார்கள். மாத்திரை ஏறவில்லை. குஞ்சுகளைப் படம் பிடிக்க மறுகோடிக்குப் போனாள் என்று எட்டாம் எண் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

விசில் ஊதினார். ஒன்று, இரண்டு என்று வந்தது. பன்னிரண்டு. பதிமூன்று.

அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. கண்ணிமைக்கிற நேரம்.

“பதினாலு,” என்றேன், மூக்கால். பிறகு என் குரலில், “பதினஞ்சு.” எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல் பதினாறு என்றார். கட்டைவிரல் உயர்ந்தது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்திருப்பீர்கள். எடுங்கள், இன்னும் இருக்கிறது. எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. எனக்கு வேண்டியது ஒரு முக்கால் மணி நேரம், அவள் இல்லாமல், அந்தப் பையோடு. பதினெட்டு வருஷப் பழக்கத்துக்கு அதைக்கூடவா எதிர்பார்க்கக் கூடாது? திட்டில் குடிசை இருக்கிறது. மேட்டில் உட்கார்ந்தால் நனையாது. அடுத்த இடத்தில் இறங்கியதும், “ஐயோ, மாத்திரையைக் காணோமே” என்று நானே முதல் ஆளாகக் கத்துவதாகத்தான் இருந்தேன்.

பஸ் வளைவு திரும்பியதும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். சால்வையை மேலே போர்த்திக்கொண்டேன், குளிருக்கு. உள்ளே சீப்பு, கடவுச்சீட்டு, எல்லாருக்கும் கொடுப்பதற்கென்று பிளாஸ்திரி, ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் திருமணப் பதிவு விண்ணப்பம். மெக்கானிக்கின் படமும் அவள் படமும் பக்கத்தில் பக்கத்தில். அவர் நகம் வெட்டியிருந்தார். கூடவே வேறொரு ஊரில் வீடு பிடித்த ஒப்பந்தம். தரைத்தளம், லிஃப்ட் இல்லாத கட்டிடம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிகள். முதல் சாட்சி மெக்கானிக்கின் தங்கை. இரண்டாம் சாட்சி நான். என் பெயர், அப்பா பெயர், கதவு எண், எல்லாம் அவள் கையெழுத்தில். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்ல ஒரு பெருக்கல் குறி.

அண்ணன்காரனுக்குத் தெரியாமல் கட்டிக்கொள்ளப் போகிறாள், அதற்கு உலகத்தில் அவள் நம்பிய இரண்டு பேரில் நான் ஒருத்தி. இது எனக்குப் புரிந்தது. அதே சமயம், இரண்டாம் சாட்சி என்பதும் கண்ணில் பட்டது. நேற்று முளைத்த நாத்தனார் முதல், பதினெட்டு வருஷம் எதிரே இருந்தவள் இரண்டாவது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பையில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் ‘லிஃப்ட்’ என்று வந்தது. நாலு தடவை கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரர் தூக்கம் கெடுமே என்று அணைத்து வைத்தேன்.

நாலேகாலுக்கு அந்த ஊர் ஆட்டக்கூடம் வந்தது. எல்லாரும் காலையிலிருந்து ஆவலாகக் காத்திருந்த நிகழ்ச்சி. கதவு திறக்கும் முன்னால் விசில் மறுபடி ஊதினார். பஸ்ஸில் ஏறும்போது மட்டும்தான் எண்ணுவார் என்று நினைத்திருந்தேன். இறங்கும்போதும் எண்ணுவார் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. நானும் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பழக்கமான காரியத்தை யார் கவனிக்கிறார்கள்?

யோசித்துப் பார்த்தேன். இப்போது பதினாலு வராவிட்டால், மூணேகாலுக்கு வந்த பதினாலு யார் என்று கேட்பார்கள். அது நன்றாக இருக்காது. ஆட்டமும் நின்றுவிடும். பத்து மணிக்கு வழி தெரியப்போகிறது, அவளே நடந்து வரப்போகிறாள். வந்து கேட்டால், “யாரோ தெரியாம உன் நம்பரைச் சொல்லிட்டாங்கடி” என்றால் முடிந்தது.

“பதினாலு,” என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் தூங்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். “ஏங்க, உங்க நம்பர்,” என்றேன். கொஞ்சம் பொறுத்து, “பதினாறு,” என்றார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. மரக்காலணி போட்டுக்கொண்டு தட் தட் என்று ஆடினார்கள். கடைசியில் எங்களையும் கூப்பிட்டார்கள். நான் போய் ஆடினேன். எங்கள் வீட்டுக்காரர் வரவில்லை, கால் வலி என்றார்.

திரும்ப ஏறும்போதும் இறங்கும்போதும் பதினாலு வந்தது. ஆறரைக்கு விடுதியில் சாவி கொடுக்கும்போது ஒரு சாவி மிஞ்சியது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. மறுநாள் காலையில் மீன்பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள். அவள் குடிசையில் உட்காரவில்லை. பஸ் கிளம்புவதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். நடுவழியில் தண்ணீர் சூழ்ந்ததும் ஒரு கம்பத்தில் தன்னை மழைக்கோட்டின் இடுப்புப் பட்டியால் கட்டிக்கொண்டிருக்கிறாள். பறவைகளைக் கணக்கெடுக்கும் ஆள் ஒருவர், ஐந்து மணிவரை எட்டத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது, கொடி என்று நினைத்தேன் என்று சொன்னாராம். நாலேகாலுக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் படகு போயிருக்கும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். உண்மைதான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

அவசரப்பட்டது அவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பையை எடுத்த மாதிரியே வைத்துவிட்டேன். ஜிப்பை முழுதாக மூடினேன். அதை அண்ணன்காரன் வாங்கிப் போனான். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டானாம். ஒரு மாதம் கழித்து மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். லிஃப்ட் அன்றைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

“அக்கா, நீங்கதானே கடைசியா அவங்க பக்கத்துல இருந்தீங்க. எதாவது சொன்னாங்களா?”

“சொன்னாளே. ‘ஊருக்குப் போனதும் உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன்கா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா.”

“சிரிச்சாங்களா?”

“நல்லா சிரிச்சா.”

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மனுஷனுக்கு என்னால் முடிந்த ஆறுதல். உள்ளே எங்கள் வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்தியது கேட்டது.

ஒன்றே ஒன்று பாக்கி. பின்கண்ணாடி முழுக்க மழை, வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று நீங்கள் கேட்காமலே உங்களிடம் சொன்னேன். மழை இருந்தது. உள்ளே படிந்த ஆவியை நான் கைக்குட்டையால் துடைத்தேன். திட்டின் ஓரத்தில் சிவப்பு மழைக்கோட்டு நன்றாகத் தெரிந்தது. ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன். பார்த்துவிட்டார்கள், பஸ் நிற்கும் என்று நினைத்திருப்பாள், அதனால்தான் அவ்வளவு நிதானமாக மணலில் இறங்கினாள். அப்போதுதான் விசில் பன்னிரண்டாவது குறியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, தெரியாமல் சொன்னேன் என்று என்னால் எழுத முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

மற்றபடி எல்லாரும் நலம். செயலாளர் தனக்குத்தான் காது மந்தம் என்று முடிவு செய்து, காதில் கருவி மாட்டிக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டு மூத்த மகள் ஊருக்குப் போய்விட்டார். அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு வேலை போயிற்று. பஸ் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு எங்கேயோ கோழிப்பண்ணை வைத்திருக்கிறாளாம். மெக்கானிக் அந்தத் தரைத்தள வீட்டுக்கே தனியாகக் குடிபோனார். மாத்திரையின் வீட்டைப் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்கியிருக்கிறது. அவள் ஏதோ கம்ப்யூட்டர் வேலை, அவன் அவளைவிடக் குள்ளம்.

எங்கள் வீட்டுக்காரர் போன பங்குனியில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஃபோன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள், “அப்பா இங்கேயே இருக்கட்டும்மா” என்கிறாள். கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்த மனுஷன் திடீரென்று எதற்காகக் கிளம்பிப் போனார் என்பது மட்டும், எத்தனை யோசித்தும், எனக்கு விளங்கவே இல்லை.